அம்பலாளர்

ஊர்வம்பு விசாரிக்கிறவரை ஆங்கிலேயர் ‘குவிட்நங்க்’ என்பார்கள். அவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத சொல். லத்தீனில் ‘இப்போ என்ன?’ என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டில் புதுச் சேதிக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தவர்களுக்கு வைத்த பெயர். 1758இல் ஆர்தர் மர்ஃபி தன் நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்கு இதையே பெயராகச் சூட்டினார். அந்த மனிதர் சொந்தக் கடையைக் கவனிக்காமல் ஐரோப்பிய அரசர்களின் பிழைப்பைக் கவனித்துத் திவாலானவர்.

நம் சரக்கு அதைவிடப் பழசு. காதலர் விவகாரம் ஊருக்குக் கசிவதைச் சங்கப் புலவர்கள் இரண்டு தரமாகப் பிரித்திருந்தார்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். அலருக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டார். அம்பலைக் கவனிக்கத்தான் ஆளில்லை. ஆகவே அந்தத் தொண்டு செய்பவருக்கு ‘அம்பலாளர்’ என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். வாக்கியத்தில் அமைத்தால்: ‘எங்கள் தெரு அம்பலாளருக்குக் கண்புரை எடுத்தாயிற்று, இனி ஜாக்கிரதை.’

அம்பலாளர்களுக்கு அரசாங்கச் செலவில் ஒரு மடம் இருக்கிறது, ஜவ்வாது மலைக் காவலூரில். வைனு பாப்பு வானாய்வகம் என்று கௌரவமான பெயர். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆசை விடுமா? 1986இல் 2.3 மீட்டர் கண்ணாடி வந்துவிட்டது. 1972இல் வியாழனின் நிலவு கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்குக் காற்றுமண்டலம் இருப்பதாகத் தெரிகிறது என்றார்கள். அசல் அம்பல்! 1979இல் வாயேஜர் விண்கலம் பக்கத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு, அப்படியொன்றும் பெரிதாக இல்லை என்றது. பிற்பாடு ஹபிள் தொலைநோக்கி, கொஞ்சூண்டு ஆக்சிஜன் இருக்கத்தான் இருக்கிறது என்றது. நெருப்பில்லாமல் புகையுமா என்று என் பெரியம்மா எந்தத் தொலைநோக்கியும் இல்லாமலே சொல்லியிருப்பார்.

1977இல் யுரேனஸின் வளையங்கள் பிடிபட்ட இரவிலும் காவலூர்க்காரர்கள் விழித்திருந்தார்கள். 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஒருத்தர் என்ன அணிந்திருக்கிறார் என்று பார்ப்பது சாமானியமா?

ஆனால் அந்த மலையின் முதல்தர வானாய்வகம் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்தான் என்பேன். பக்கத்து சீட்டு அம்மா, மடியில் சாமை அரிசிப் பையோடு, நான் உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கினார்.

“எந்த ஊருப்பா? யாரு வூட்டுக்குப் போற?”

சொன்னேன். கல்யாணம், பிள்ளைகள், சம்பளம், மாமியார் உடல்நிலை என்று வரிசையாக வந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் விஷயம் அம்பலிலிருந்து அலராகிவிட்டது. கண்டக்டர் என் சம்பளத்தைக் குறைவு என்று அபிப்பிராயப்பட்டார். புதிதாக ஏறிய பெரியவர் என்னைப் பற்றிக் கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன் பின்சீட்டுக்காரர் பதில் சொல்லி முடித்தார். ஒரு தப்புகூட இல்லை.

பேச்சைத் திருப்ப, ஜன்னல் வழியாகக் காவலூர் பக்கம் கையைக் காட்டினேன்.

“ஆமா, ராவெல்லாம் முழிச்சினு இருப்பாங்களே. அப்படி இன்னாத்தப்பா பாத்தாங்க?” என்றார் அந்த அம்மா.

“யுரேனஸுன்னு ஒரு கிரகம்மா. அதைச் சுத்தி வளையம் இருக்குறதைப் பாத்தாங்க. இப்போ கணக்குக்குப் பதிமூணு வளையம்.”

“பதிமூணா!” பையை இறுக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “எத்தினி பவுனு இருக்கும்?”