நொய்ந்த பனியடுக்கே, வாழ்க!

நொய்ந்த பனியடுக்கே, உன் அடக்கம் யாருக்கு வரும்! வெள்ளை வெளேரென்ற புதுப்பனிக்கு எல்லாப் பாராட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அதன் அடியில் சத்தமில்லாமல் படுத்துக்கொள்கிறாய்.

உழைப்பிலும் நீ குறைவைப்பதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில், பனி கொஞ்சமாகப் பெய்திருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுகிறாய். தரையோரம் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் விறைத்திருக்கும். இடையில் நீராவி மேலேறி, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக உறைகிறது. மலையேறிகள் அதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பனியின் மேலேயே இறகிறகாகப் பூக்கிறாய். அடுத்த பனி விழுந்து மூடியதும் பனிச்சரிவின் ஆயுதமாகிறாய்.

திருமுருகன்பூண்டியில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு உன் திறமை புரியும். ஃபியூசிங் (உள்ளே ஒட்டும் துணி) சரியாக ஒட்டாத டி-சர்ட் பேக்கிங் டேபிளில் பளிச்சென்றுதான் இருக்கும். முதல் சலவையில்தான் குமிழ்விடும். எங்களுக்கு அது ஒரு பீஸ் ரிஜெக்ட், அவ்வளவே. நீ கேட்பது ஆளை.

உன் பொறுமையோ பெரிது. 30 முதல் 45 டிகிரிச் சரிவில் வாரக்கணக்கில் அத்தனை பாரத்தையும் சுமந்து, ஒரு மனிதன் கால் வைக்கும்வரை காத்திருக்கிறாய். சிலருக்கு "வூம்ப்" என்று ஒரு முனகலில் சொல்லிவிட்டு உடைகிறாய். பலருக்கு அந்த மரியாதையும் கிடையாது.

பாரபட்சமும் உன்னிடம் இல்லை. 2022 அக்டோபர் 4, உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரம். நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலிருந்து போன குழுவின் மேல் பனி பலகையாகப் பெயர்ந்து இறங்கியது. 29 பேரைப் பறித்தாய். கற்க வந்தவர், கற்பிக்க வந்தவர் என்று நீ பிரித்துப் பார்க்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறித் திரும்பிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டாய்.

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் சுந்தரரை வழிமறித்துப் பொருளைப் பறித்தவர்கள் வேடர் உருவில் வந்த சிவனின் பூதகணங்கள். அவர் கோயிலுக்குள் போய் இறைவனிடமே உரிமையோடு சண்டை போட்டார். பறிபோனது திரும்பி வந்தது. உன் சந்நிதியில் அந்த வழக்கம் இல்லை. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் உனக்குத்தான்.

இவ்வளவு இருந்தும் உன்னைக் காட்டிக்கொடுக்க ஆட்கள் உண்டு. குழி வெட்டி அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்க்கிறார்கள். டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை விடுகிறது. நீ கலங்க வேண்டியதில்லை. எச்சரிக்கையைப் படிக்காமல், கயிறு கட்டித் தடுத்த இடத்தையும் தாண்டி, தொடாத பனியில் போட்டோ எடுக்க எங்கள் பிள்ளைகளே குல்மார்க்குக்கும் மணாலிக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள்.