வீட்டுக் கணினியை அலுவலக டொமைனில் சேர்த்தல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றி நூல்கள் ஏராளம். படுக்கையறை மேசையை விட்டு ஓர் அங்குலமும் நகராமல் ஒரு கணினி அலுவலகத்துக்குக் குடிபோகும் அதிசயத்தைப் பற்றி மட்டும் அறிஞர் பெருமக்கள் வாய் திறந்ததில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. டொமைன் என்பது, அலுவலகம் தன் கணக்குகளையும் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து ஆளும் ஏற்பாடு. ஆய்வெல்லை, விண்டோஸ் கணினிகளும், அந்த ஏற்பாட்டை நடத்த விண்டோஸ் 2000-உடன் வெளிவந்த ஆக்டிவ் டைரக்டரியும் மட்டுமே. லினக்ஸ் அன்பர்கள் தமக்கென்று தனி நூல் எழுதிக்கொள்வார்கள். அவர்களைத் தடுக்கவும் முடியாது.

கணினிகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்பாரை மறுத்தே இத்துறை தொடங்குகிறது. விண்டோஸின் ஹோம் பதிப்பு டொமைனில் சேர முடியாது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் ஆகியவற்றுக்கே அனுமதி. 2001-இல் வந்த எக்ஸ்பி ஹோம் காலத்திலும் இதே விலக்குதான். காசு கட்டி உரிமத்தைப் புரோவுக்கு மாற்றினால், அதே பெட்டி, அதே திரை, அதே தூசியோடு தகுதி வந்துவிடுகிறது. இதன் தத்துவ விளக்கத்தை விற்பனைப் பிரிவினரிடம் கேட்டறிக.

தகுதி வந்த கணினி அடுத்து வழி கேட்கிறது. டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்கே என்று அது டி.என்.எஸ்.ஸிடம் விசாரிக்கும். வீட்டு ரவுட்டர் காட்டும் டி.என்.எஸ்.ஸோ உலகத்து இணையதளங்களையெல்லாம் அறியும். அலுவலகத்தின் உள்பெயரை அறியாது. ஆகவே வி.பி.என். வழியாக அலுவலகத்து டி.என்.எஸ்.ஸைக் கேட்க வைக்க வேண்டும். மோடத்தை அணைத்துப் போடுதல் என்னும் மரபுவழிச் சிகிச்சை இவ்விடத்தில் பலிப்பதில்லை என்பது ஆய்வாளர் துணிபு.

வாயிலில் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரைத் தாங்கிய, நுழைபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் இந்த நெறிமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் குரைக்கும். வீட்டுக் கணினியின் நேரமும் டொமைன் கன்ட்ரோலரின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் முரண்படலாகாது என்பது இயல்பான அமைப்பு. யார் சேர்க்கலாம் என்பதில் மட்டும் இத்துறை வியப்பூட்டும் தாராளம் உடையது. மாற்றாமல் விட்டால், டொமைனில் கணக்குள்ள எவரும் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். விவரம் தெரிந்த சிஸ்டம் அட்மின் இதை முதல் வேலையாகச் சுழியாக்கியிருப்பார்.

சேர்ந்தபின் நிகழ்வனவே ஆய்வின் சாரம். வரவேற்புச் செய்தி வரும், ரீஸ்டார்ட் ஆகும், டொமைன் கணக்கில் நுழைந்ததும் குழந்தையின் பிறந்தநாள் படம் போய், வெறும் நீலத்திரை நிற்கும். வீட்டார் அலறுவர். அழியவில்லை, எல்லாம் பழைய கணக்கின் கோப்புறையில் அப்படியே இருக்கிறது, புதிய கணக்குக்குப் புதிய புரொஃபைல் என்பதே காரணம். இதை வீட்டாருக்கு விளக்க முயன்றவர்களின் அனுபவம் தனி ஆய்வுக்குரியது.

இதற்கிடையே டொமைன் அட்மின்கள் அந்தக் கணினியின் நிர்வாகிகள் பட்டியலில் ஓசையின்றி இடம்பிடித்துவிடுகின்றனர். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கொருமுறை குரூப் பாலிசி வந்து விதிகளைப் புதுப்பிக்கிறது. பென் டிரைவ் வேண்டாம் என்று அலுவலகம் நினைத்தால், பாட்டுக் கேட்கும் மாமாவின் பென் டிரைவும் வேண்டாததே. இயல்பான விதிப்படி மனிதர் 42 நாளில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றியதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைப்பர். கணினிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. அதை அது 30 நாளுக்கொருமுறை தானே மாற்றிக்கொள்கிறது, எங்கும் ஒட்டாமல்.

எனவே எம் முடிபு: வீட்டுக் கணினி அலுவலகத்தில் சேருவதில்லை, அலுவலகம்தான் வீட்டுக்கு வந்து உட்காருகிறது, அதுவும் சாவியோடு. வி.பி.என்.னும் ரிமோட் டெஸ்க்டாப்பும் பெரும்பாலான வேலைக்குப் போதும். போதாதென்றால் அலுவலகத்திடம் ஒரு மடிக்கணினி கேளுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டொமைனிலிருந்து விலக்கும் பொத்தானை அழுத்துமுன், அந்தக் கணினியிலேயே உள்ள நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனபின் டொமைன் கணக்கு கொண்டு உள்ளே போக முடியாது.