பின்வளவுக் கணக்கு

1977 ஜூலையில் இலங்கைத் தேர்தலில் பச்சைக் கட்சியின் யானை ஜெயித்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிரவு மாம்புரியில் வெடித்த சீனவெடியில் பாதி, நீலக் கட்சிக்காரரான முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்கியது. மறுநாள் அதே வெடிக்காரர்கள் கூடி, அந்தக் கடையில் இனி யாரும் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். வானொலியில் மட்டும் கேட்டிருந்த 'பகிஷ்கரிப்பு' என்ற சொல்லை எங்கள் ஊர் முதன்முதலாக வாயில் போட்டு மென்றது அப்போதுதான்.

முதலாளி நீலமானதற்குக் கொள்கை பெரிதாக ஒன்றும் இல்லை. தோற்றுப்போன சிறிமாவின் நீல ஆட்சி வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்து வைத்திருந்தது. எங்கள் மணலில் விளைந்த சின்ன வெங்காயத்துக்கு விலை கிடைத்தது. அவருக்குத் தோட்டம் இருந்தது. கடைக்குள் அம்மையாரின் படத்தை மாட்டினார். வாப்பாவுக்குத் தோட்டம் இல்லை. கூப்பன் அரிசியும் பாண் வரிசையும்தான் இருந்தன. ஆகவே வாப்பா பச்சை.

இரண்டு நாள் கொடி பறந்தது. மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டு லாம்பு மங்கியது. அடுத்த கடைக்கு நுரைச்சோலைப் பக்கம் போக வேண்டும். உம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் திணித்து, "பின்வளவால போ மவன். வாப்பாக்குத் தெரியப்படாது" என்றார். பின்வளவில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் போத்தல்கள் நின்றன. எல்லாம் பச்சை வீட்டுப் போத்தல்கள். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அளந்து ஊற்றினார். முன்பக்கத்தில் பெயர் எழுதாமல், கொப்பியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் ஏதோ கீறிக்கொண்டார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. முன்வாசலைப் பகிஷ்கரித்தவர்கள் பழைய பாக்கியையும் சேர்த்தே பகிஷ்கரித்திருந்தார்கள். யார் அதிகம் கத்தினார்களோ அவர்களுக்கே கொப்பியில் பக்கமும் அதிகம். கடன்பட்டவனுக்குத் திடீரென்று ஒரு கொள்கை கிடைத்தால் எவ்வளவு வசதி! புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. முதலாளிக்குத் தோட்டத்திலும் அடி, கடையிலும் அடி. "கடனோட பெருநாள் கொண்டாட ஏலாது" என்று நோன்பின் கடைசி நாளில் வாப்பா போய்க் கணக்கை முடித்தார், முன்வாசல் வழியாகவே. படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. "சீனி நல்ல சீனியா காக்கா?" என்று மட்டும் வாப்பா கேட்டாராம்.

கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் 1908இல் பகிஷ்கரிப்பை இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சுதேசிகளுக்கு எதிராக நின்ற வக்கீல் ஒருவரை நாவிதர் பாதிச் சவரத்தோடு எழுப்பிவிட்டாராம். ஆனால் அவர்களுக்கு வ.உ.சி. வாங்கிய கப்பல் இருந்தது, கொழும்புவரை ஓடியது. எங்களுக்கு இரண்டாவது கடைகூட இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த எனக்கு 2019இல் சிரிப்பு நின்றது. என் மச்சானின் மகன் தெற்கே சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்பவன். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, ஜூனில், தங்கொட்டுவ வாரச்சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரவேண்டாம் என்று வென்னப்புவ பிரதேச சபைத் தலைவர் கடிதம் எழுதினார். எங்கள் புத்தளம் மாவட்டத்துக்குள்ளேயேதான். விஷயம் மாரவில நீதிமன்றம் வரை போனது. அதே மாதம், முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று அஸ்கிரிய பௌத்த பீடத்தின் மகாநாயக்கர் உபதேசம் செய்தார். பொடியன் எந்தக் கட்சி, யாருக்குப் புள்ளடி போட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீல முதலாளி ஒரு படத்தையாவது மாட்டியிருந்தார். இவன் மாட்டியிருந்தது பெயர் மட்டும். அதுவும் அவனுடைய வாப்பா மாட்டியது. தவணைக்குக் கொடுத்த துணியின் பாக்கி அங்கேயே நின்றுபோனது. பின்வளவால் போய் வாங்க அவனுக்கு அங்கே வளவும் இல்லை.

2023 கடைசியில், காஸாவில் போர் தொடங்கிய பிறகு, என் கடைக்குட்டி மகள் போனில் பகிஷ்கரிப்புப் பட்டியலோடு வந்து நின்றாள். கோபம் உண்மையான கோபம். எனக்கும் இருந்தது. பட்டியலில் கேஎஃப்சி இருந்தது. மாம்புரியில் கேஎஃப்சி கிடையாது. இல்லாத கடையைப் பகிஷ்கரிப்பதில் எங்கள் ஊருக்கு முழு வெற்றி. "போன் எதுல சார்ஜ் ஆகுது மகள்?" என்று கேட்டேன். கரையில் காற்றாலை, பக்கத்தில் சீனக் கடனில் எழும்பிய 900 மெகாவாட் நிலக்கரி நிலையம். முதலாளியின் கட்சியைக் கேட்டு வயரைச் செருக வழி இருக்கிறதா? அவள் முறைத்தாள். '2019இல் நம் பொடியன் வாங்கிய அடியை இன்னொருவனுக்குக் கொடுக்கிறோமா' என்று கேட்க நினைத்தது வாய்வரை வந்து நின்றது. ஒரு கம்பனியின் காசு எங்கே போகிறது என்று பார்ப்பதும், ஒருவனின் பெயரைப் பார்ப்பதும் ஒன்றல்லவே.

கொக்ககோலா வீட்டைவிட்டுப் போனது. பதிலுக்கு வந்தது உள்ளூர்ச் சோடா, போத்தலில் யானைச் சின்னத்தோடு. வாப்பா இருந்திருந்தால் இரண்டு போத்தல் அதிகமாக வாங்கியிருப்பார்.

அந்தக் கடையை இப்போது நடத்துவது நீல முதலாளியின் பேரன். சுவரில் எந்தத் தலைவரும் இல்லை. அமெரிக்கப் போத்தல்களை அடுக்காதீர்கள் என்று சொல்லப் போன மகள், யானைச் சோடாவோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"சரியாம் வாப்பா, இனி எடுக்க மாட்டாராம். உங்கட போன மாசக் கணக்கு எப்ப வரும் எண்டு கேட்டார்."