நஷ்டக் கணக்கு

கவிதை படிச்சா என்னய்யா லாபம்னு கேட்டுப்புட்ட, பேராண்டி. கெட்டிக்காரப் பய. ஒன்னைப் பெக்கும்போது ஒங்கப்பனும் இப்படிக் கணக்குப் பாத்திருந்தா எனக்கு ஒரு ஆள் சோறு மிச்சம். லாபமெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நஷ்டத்தைச் சொல்றேன், கேட்டுக்க.

40 வருசமா இந்தச் செவக்காட்டை உழுதேன். மழை பேஞ்சா ஏர் பூட்டணும், அம்புட்டுத்தான் தெரியும், நிம்மதியா இருந்தேன். டீக்கடையில தமிழ் வாத்தியார் ஒருத்தர் குறுந்தொகையை எடுத்து விட்டாரு. செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மண்ணோட கலந்தாப்புல, முன்னப்பின்ன ஒறவில்லாத ரெண்டு பேரு மனசு கலந்துபோச்சாம். பாடுனது யாருன்னேன். சொந்தப் பேரு தெரியாதாம். பாட்டுல வந்த வார்த்தையவே பேரா வச்சு, செம்புலப்பெயனீரார்னு சொல்றாகளாம். ஊரு கெடையாது, பேரு கெடையாது, ரேஷன் கார்டு கெடையாது. ஆனா என் காட்டை என்னைவிட நல்லாப் பாத்திருக்கான் அந்த மனுசன்! ஒங்க அப்பத்தாளும் நானும் அப்படிக் கலந்தவுகதான். என்ன, மேலெல்லாம் சேறு.

அடுத்த மழைக்கு, செவந்து ஓடுற தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். மாடு அவுத்துக்கிட்டுப் போயி அடுத்தவன் கடலையில வாய் வச்சிருச்சு. தெண்டம் கட்டுனது நான்.

அடுத்தது காக்கா. பிரிஞ்சு போனவன் வீடு திரும்பிட்டான். அவன் வருவான்னு கரைஞ்சு சொன்ன காக்காவுக்கு நெய்யூத்தி ஏழு கலத்துல சோறு வச்சாலும் பத்தாதுங்கிறா தோழி. அதுவும் குறுந்தொகைதான். பாடுன அம்மாவுக்குக் காக்கைபாடினியார்னே பேரு நின்னுபோச்சு. நச்செள்ளையார்ங்கிற பேரு பின்னால போயிருச்சு. இதை அப்பத்தாகிட்டச் சொன்னேன், அவ வடகத்துக்குக் காவலிருந்த நேரமாப் பாத்து. காக்காவ வெரட்டுன குச்சி என் பக்கம் திரும்பிருச்சு. ஆனா அன்னையிலேர்ந்து காக்கா கரைஞ்சா வாசலை ஒருக்கா எட்டிப் பாக்குறா. நீ பட்டணத்துலேர்ந்து வாறியான்னுதான்.

முரசு வைக்கிற கட்டில்ல அசந்து தூங்குன மோசிகீரனாருக்குச் சேர ராசா விசிறி வீசுனான்னு புறநானூறு சொல்லுது. அதை நம்பி ஒரு ஆபீஸ் பெஞ்சுல படுத்தேன். காவக்காரன் எழுப்பி வெளிய விட்டான். பாட்டுப் படிச்சவனுக்கு விசிறி இல்லையாம், கட்டுனவனுக்குத்தானாம்.

நேரமில்லைன்னு மட்டும் சொல்லிறாத. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 அடியிலேர்ந்து 8 அடிக்குள்ள. நீ அந்தப் போனைக் கட்டவெரலால ரெண்டு தள்ளு தள்ளுறதுக்குள்ள முடிஞ்சிரும். 400 பாட்டுக்கு மேல கெடக்கு. ஒரேயடியா முழுங்காத, செரிக்காது.

மேக்க கருத்துக்கிட்டு வருது. ராத்திரி பேயும். விடிஞ்சதும் காட்டுப் பக்கம் வா, போனை வீட்டுல வச்சிட்டு. நான் மாட்டை நல்லா இறுக்கிக் கட்டிட்டு வாறேன்.