கொல்லைப்புறக் கல்லூரி

நிர்வாகவியல் படிக்க லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவானேன்? கொல்லையில் நாலு நாட்டுக்கோழி போதும். யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிகளுக்குள் உண்டென்று நார்வே விலங்கியலாளர் ஷெல்டெருப் எப்பே 1920-களிலேயே எழுதிவிட்டார். நம் அலுவலகங்கள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கின்றன: அதிகாரி கண்காணிப்பாளரைக் கொத்த, அவர் குமாஸ்தாவைக் கொத்த, குமாஸ்தா மனுவோடு நிற்பவரைக் கொத்துகிறார்.

தலைமைப் பண்புக்குச் சேவல். குப்பையைக் கிளறும், சில சமயம் இரையே இல்லாவிட்டாலும் ‘கொக் கொக்’ என்று அழைக்கும், பெட்டைகள் ஓடிவரும். தேர்தல் அறிக்கைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி ஏது?

பெட்டைக்கோழியிடம்தான் ஒரு குறை. முட்டையிட்ட பிறகே கொக்கரிக்கிறது. அடிக்கல் நாட்டும்போதே கொக்கரித்துப் பழகிய நமக்கு இது சரிப்பட்டு வராது. அதை மட்டும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம்.