எல்லாம் நார்மல், வயிறு மட்டும் கலக்கல்!

கே: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். டாக்டர் ‘ஐ.பி.எஸ்.’ (எரிச்சல் குடல் நோய்) என்கிறார். இல்லாத வியாதிக்கு ஒரு பெயரா?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: வியாதி இருக்கிறது, படத்தில் விழாது. ஸ்கேன் காட்டுவது குடலின் அமைப்பை; உங்களுக்குக் கோளாறு அதன் நடமாட்டத்திலும் உணர்ச்சியிலும். குடலுக்குள் சின்ன பலூனை விட்டு ஊதிப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா படுத்திருந்த அளவுக்கே இந்த நோயாளிகளில் பலர் ‘வலிக்கிறது’ என்றார்கள். நடிப்பில்லை, நரம்புக்குக் காது கூர்மை. ஐ.பி.எஸ். என்று சொல்ல டாக்டர்கள் பார்ப்பது 2016-இல் வந்த ‘ரோம்’ வரையறையை: மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, கூடவே, வெளிக்குப் போகும்போது வலி கூடுவதோ குறைவதோ, போகும் தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமும் ஆகியிருக்க வேண்டும்.

கே: இது கேன்சரில் கொண்டுபோய் விடுமா?
– பெயர் வேண்டாம், தேனி

ப: விடாது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தையே கெடுத்து எழுப்பும் பேதி, ஐம்பதை நெருங்கி முதல்முறையாக வரும் தொல்லை – இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கே: வெங்காயம், பூண்டு ஆகாது என்கிறார்கள். சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டால் போதாதா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ப: ஒதுக்கியது சக்கை. வம்பு செய்யும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை வகை தண்ணீரில் கரையும். அது ஏற்கெனவே குழம்புக்குள் இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டைத் தண்ணீர் சேராமல் நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, பல்லை எடுத்து வீசிவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் வரும், வம்பு வராது. பருப்பிலும் கோதுமையிலும் இதே குடும்பத்துச் சர்க்கரைகள் உண்டு. பெரும்பாலான கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவும் இருக்கும். சோறு சாது.
இந்தச் சர்க்கரைகளைத் தவிர்க்கும் பத்தியத்தை வகுத்தது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம். நம்மவர்கள் பாதியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். நாலு முதல் ஆறு வாரம் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது உதைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயுளுக்கும் விரதம் இருக்கச் சொல்லவில்லை. முடிந்தால் உணவியல் நிபுணரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கே: வயிற்றுக்குப் போனால் டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதுகிறார். எனக்கென்ன பைத்தியமா?
– கண்டக்டர், திருச்சி

ப: அமிட்ரிப்டிலின்தானே? மனச்சோர்வுக்குக் கொடுப்பது அதிக அளவில். வயிற்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வலிச் செய்தியைத் தணிக்க. இங்கிலாந்தில் 463 பேரை வைத்துச் செய்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. 2023-இல் ‘லான்செட்’ வெளியிட்டது. வாய் உலரும், தூக்கம் சொக்கும், மலம் இறுகும். டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் அல்ல, ராத்திரியில் போடுங்கள்.

கே: நார்ச்சத்துக்காகத் தவிட்டு பிஸ்கட் தின்கிறேன். வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது!
– ஆசிரியர், மதுரை

ப: கோதுமைத் தவிடு பலருக்குப் பொருமலைக் கூட்டும். இசப்கோலுக்கு மாறுங்கள். ஒரு ஸ்பூனில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு.

கே: இன்டர்வியூ அறைக்குள் போகுமுன் மூன்று தடவை ஓடுகிறேன். வேலை கிடைத்தால் சரியாகிவிடுமா?
– பட்டதாரி, சேலம்

ப: வேலை கிடைத்தால் மேனேஜரும் கிடைப்பார். பதற்றம் குடலை விரட்டும், குடல் பதற்றத்தை விரட்டும். மனப்பயிற்சிச் சிகிச்சைக்கு இதில் நல்ல பலன் உண்டு. இன்டர்வியூவுக்குமுன் காபியைத் தள்ளிவையுங்கள், அதுவும் குடலை முடுக்கும்.

கே: ‘ஒரே வாரத்தில் குணம்’ என்று ஒரு சூரணம் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்றவர், நாகர்கோவில்

ப: இந்தத் தொல்லை தானாகவே கூடும், குறையும். குறைகிற வாரத்தில் வாயில் போட்டது எதுவோ, பேர் அதற்கு. மலச்சிக்கல் சூரணங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கும். பேதிக்காரர் அதைத் தின்றால் ஒரு வாரமும் பாத்ரூமில்தான். பொட்டலத்தில் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதவில்லையென்றால், விற்பவரையே முதல் வாரம் சாப்பிடச் சொல்லுங்கள்.