திருஷ்டியா, அம்மோனியாவா?

நம் வீடுகளில் வண்ண மீன் செத்தால் பிரேதப் பரிசோதனை கிடையாது, தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடும். “நமக்கு வர வேண்டிய கண் திருஷ்டியை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு” என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்வார். வழக்கு முடிந்தது. எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணாடிக் குடுவைக்குப் புதிய மீன் வரும், பத்து நாளில் அதுவும் திருஷ்டியை வாங்கிக்கொண்டு கிளம்பும். மாதத்துக்கு மூன்று முறை திருஷ்டி கழிகிற அளவுக்கு இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பொறாமைப்பட அப்படி என்னதான் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் தடவையாக ஃபைட்டர் மீன் வாங்கப் போகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: எதிர்வீட்டுக்காரர் நிரபராதி. கொன்றது அம்மோனியா. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது, மீனையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்கி வந்த அவசரம்.

இந்த மீனின் கெட்ட நேரம் அதன் திறமையிலேயே இருக்கிறது. ஃபைட்டரின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. லேபிரிந்த் என்பார்கள். நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள அது உதவும். தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுப் படுகையில், நெல் வயல்களிலும் வாய்க்கால்களிலும் சதுப்பிலும், வெயிலில் ஆக்சிஜன் வற்றிப்போன தேங்கிய நீரில் பிழைப்பதற்கு வாய்த்த வசதி அது. 1910இல் சார்லஸ் டேட் ரீகன் இதற்கு பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அப்படிப்பட்ட கௌரவத்துக்குரியது, சென்னை கொளத்தூர்க் கடைகளில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், அடுத்த டப்பாக்காரனை முறைத்தபடி நாளைக் கழிக்கிறது. “இதுக்கு மோட்டார் வேணாம் சார், சும்மா பாட்டில்லயே இருக்கும்” என்கிறார் கடைக்காரர். மோட்டார் வேண்டாம் என்பது வரைக்கும் அவர் சொல்வது உண்மைதான். வாங்குகிறவர்தான் அங்கே நிற்பதில்லை. மோட்டார் வேண்டாமென்றால் ஃபில்டரும் வேண்டாம், ஃபில்டர் வேண்டாமென்றால் பெரிய தொட்டி எதற்கு, சின்னக் குடுவைதானே, தண்ணீர் மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று படி இறங்கிக்கொண்டே போகிறார். தண்ணீரே வேண்டாம் என்று முடிக்காததுதான் பாக்கி.

காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஆக்சிஜன் பஞ்சத்துக்குத்தான் மருந்து, சாக்கடைக்கு மருந்தல்ல. மீன் தின்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சம் விழுந்த தீனியும் அடியில் அழுகி அதையே செய்கிறது. இரண்டு லிட்டர் குடுவையில் சேரும் அதே அளவு கழிவு 20 லிட்டர் தொட்டியில் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்கு செறிவுதான் வரும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு, இதற்கு வாஸ்து நிபுணர் தேவையில்லை. நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற, அம்மோனியாவில் நஞ்சான பகுதி கூடும். சூடும் நமக்குக் குறைவில்லை, காரமான போர் தண்ணீரும் பல தெருக்களில் குறைவில்லை. அம்மோனியா செவுளைப் புண்ணாக்குகிறது, மீன் சாப்பாட்டை மறுக்கிறது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. தண்ணீரோ பளிங்காகத் தெரிகிறது. பளிங்காக இருக்கும் தண்ணீரில் மீன் செத்தால் மனிதனுக்கு எதிர்வீடு ஞாபகம் வருவது இயல்புதான்.

இதற்கு இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கொடியதல்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றி, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் மட்டும் போதாது, பாக்டீரியாவுக்கு அம்மோனியா வேண்டுமே. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை உள்ளே போட்டு அழுகவிட வேண்டும். மீனே இல்லாத தொட்டிக்கு வேளை தவறாமல் தீனி போடுகிறவரைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் மெல்ல மருத்துவரின் எண்ணைத் தேடத் தொடங்கலாம். பரவாயில்லை. சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தால், போட்ட தீனிக்கு அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை என்று வரும் நாளில்தான் தொட்டி தயார். அவசரம் தாங்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நல்ல நிலையில் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடலாம். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிப் பாலில் விடுகிற அதே சங்கதிதான், நாற்றம் மட்டும் வேறு.

இதற்கு வரும் ஆட்சேபணைகளில் பலமானது கிணறு. “எங்க பாட்டி வீட்டுக் கிணத்துல மீன் இருந்தது, எந்த ஃபில்டர் இருந்தது?” நியாயமான கேள்வி. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணறுகளில் கம்பூசியா மீனை விடுவதும் நடந்ததுதான். ஆனால் அந்தக் கிணற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருந்தது, ஊற்று இருந்தது, சுவரெல்லாம் பாசியும் வழவழப்பும் இருந்தன. அந்த வழவழப்புதான் ஃபில்டர். பாட்டி அதை அமைக்கவில்லை, தேய்த்துக் கழுவாமல் விட்டார், அவ்வளவே. ஃபைட்டர் காட்டில் குளம்படிப் பள்ளத்தில் வாழ்கிறது என்பார்கள் இன்னும் சிலர். கோடையில் வயல் வற்றும்போது பள்ளத்தில் ஒதுங்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், மழை வந்ததும் வயல் முழுக்க அதன் கையில். நாம் தருவது மழையே வராத பள்ளம். கடைக்காரர் மட்டும் டப்பாவில் வைக்கிறாரே என்றால், கடையில் மீன் குடியிருப்பதில்லை, விற்பனைக்குக் காத்திருக்கிறது. அவர் அடிக்கடி தண்ணீர் மாற்றுகிறார், குறைவாகத் தீனி போடுகிறார், எப்படியும் அது சீக்கிரம் நம் பொறுப்பாகிவிடும் என்ற நிம்மதியும் அவருக்கு இருக்கிறது.

அலட்சியத்தைவிட அதிக மீனைக் கொன்றிருப்பது சுத்தம் என்பது என் சந்தேகம். ஞாயிறு காலையில் மீனை ஒரு மக்கில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லை அரிசி களைவதுபோலக் களைந்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைக்கும் குடும்பங்கள் உண்டு. மாதக்கணக்கில் குடியேறிய பாக்டீரியாவைக் குளோரின் தண்ணீரில் குளிப்பாட்டி வழியனுப்பிவிட்டு, மறுபடியும் பளிங்குத் தண்ணீரில் மீனை விடுகிறார்கள். புதன்கிழமை திருஷ்டி. தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றி, பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே ஒரு முறை அலசிப் போட்டால் போதும். சோம்பேறிகளுக்கு இவ்வளவு தோதான வளர்ப்புப் பிராணி வேறு கிடைக்காது, ஆனால் நாம் தவறான இடத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறோம்.

மற்ற விஷயங்களில் பெரிய ரகசியம் இல்லை. ஃபில்டரின் வேகம் மெதுவாக இருக்க வேண்டும், பாவாடை போன்ற துடுப்பை வைத்துக்கொண்டு அது வெள்ளத்தில் நீந்த முடியாது. கூர்மையான பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும். மூடி வேண்டும், ஏனென்றால் குதிக்கும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான், இதில் சமரசப் பேச்சுக்கு இடமில்லை. வாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு அது பிடிக்கும். தெருவில் கூட்டிப் பெருக்கித் தள்ளுகிற அதே இலையைக் கடையில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறோம். ஹீட்டர் விவகாரம் மட்டும் கொஞ்சம் ரசமானது. இதற்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். சென்னையில் அதற்குக் கருவி வாங்குவது அபத்தம் என்று தோன்றும். ஆனால் தொட்டி இருப்பது படுக்கையறையில், படுக்கையறையில் ஓடுவது 20இல் வைத்த ஏ.சி. மே மாத நடுராத்திரியில் அறையைக் குளிரவைக்க ஒரு யந்திரமும், அந்தக் குளிரிலிருந்து மீனைக் காப்பாற்ற ஒரு யந்திரமும் ஓட, மின்சார வாரியம் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறது. தொட்டியைக் கூடத்துக்கு மாற்றலாமே என்றால், அந்த மூலை வாஸ்துப்படி சரியில்லையாம்.

கடைசி ஆட்சேபணை பணம். இருநூறு ரூபாய் மீனுக்கு அதைப்போலப் பல மடங்கு செலவில் தொட்டியா? பத்து நாளுக்கொரு மீன் என்று வருடக் கணக்குப் போட்டால் குடுவைதான் ஆடம்பரம். சரியாக வைத்தால் ஒரே மீன் இரண்டு மூன்று வருடம் இருக்கும், நீர்மட்டத்தில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டும், கண்ணாடிக்கு அருகே வருகிறவரைப் பார்த்துச் செவுளை விரித்துச் சண்டைக்கு அழைக்கும். அதுவரை ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது சங்கடம் என்றால் ஜாவா பெரணி, அனுபியாஸ் என்று இரண்டு செடி வைக்கலாம், அதிக வெளிச்சம் கேட்காது. விருந்தாளி வந்து “என்ன, மீனைக் காணோம்?” என்றால் “பாக்டீரியா வளர்க்கிறோம்” என்று உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் அதற்குப் பிறகு நீங்கள் நீட்டும் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் எழுந்து போனால் அதற்கு நான் பொறுப்பல்ல.